உங்கள் ஆறு வரி

அன்புள்ள அண்ணன் எட்மார் குயாவுக்கு,

உங்கள் தங்கை ஜோவெலின் எழுதுவது. நலமா? தாவாவில் மழை விட்டதா? இங்கே இலோய்லோவில் விடவில்லை. விடுதியில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். குளியலறை விளக்கின் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். காலடிச் சத்தம் கேட்டால் அணைத்துவிடுவேன். எங்கள் போன்களை ஆசிரியர் லகாஸ்கா சார் வாங்கி வைத்திருக்கிறார். காலையில் ரொட்டி கொண்டு வரும் அக்கா இதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவாள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். உங்கள்மேல் அவளுக்கு இன்னும் கோபம்; நான் உங்களோடு பேசுவதே அவளுக்குத் தெரியாது.

போன் ஏன் போயிற்று என்று கேட்பீர்கள். உங்களால்தான்.

சென்ற வாரம் என் தோழி கிரிசாந்தாவின் கணினி நிரலை உங்களுக்கு அனுப்பினேன். புயல் வரும்போது எந்தக் குடும்பத்தை எந்த முகாமுக்கு அனுப்புவது என்று சொல்லும் நிரல், எங்கள் போட்டிக்காக அவள் பைத்தான் மொழியில் எழுதியது. ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது, பிழை எங்கே என்று மட்டும் கேட்டேன். நீங்கள் அதை இணையத்தில் போட்டிருக்கிறீர்கள். இடது பக்கம் அவளுடைய நூறு வரி, வலது பக்கம் லிஸ்ப் மொழியில் உங்கள் ஆறு வரி. மேலே ஒரு தலைப்பு: பைத்தான் பிள்ளைகளை இப்படித்தான் கெடுக்கிறது. கீழே எங்கெங்கிருந்தோ முந்நூறு பேர் சிரித்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தவன் எங்கள் வகுப்புத் தோதோங். யாருடையது என்று தெரியாமல் வகுப்பில் சத்தமாகப் படித்தான். "ஏய், இங்க வாங்கடி! யாரோ நூறு வரி அடிச்சு ஊரைக் கூட்டியிருக்காங்க, உலகமே சிரிக்குது!" எல்லாரும் சிரித்தோம். கிரிசாந்தாவும் சிரித்தாள். பிறகு அவன் நிரலின் நடுவில் இருந்த குறிப்பைப் படித்தான்: "இங்கே கை வைத்தால் பிபிங்கா கடிக்கும்." பிபிங்கா அவள் வீட்டு நாய். அவள் எழுந்து வெளியே போனாள். நாற்காலியைக்கூட உள்ளே தள்ளவில்லை.

போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று சாரிடம் சொல்லிவிட்டாள். வென்றால் கல்லூரிக் கட்டணம் முழுவதும் கிடைக்கும். அவள் அப்பா மீன்பிடிப் படகில் கூலிக்குப் போகிறவர். அவளுக்கு வேறு வழி இல்லை.

அந்தக் குறிப்புக்குக் கீழே இருந்த வரிகளை நீங்கள் படித்தீர்களா? போன புயலில் அவளை ஒரு முகாமுக்கும் தம்பியை இன்னொரு முகாமுக்கும் ஏற்றிவிட்டார்கள். நான்கு நாள் தம்பி எங்கே என்று தெரியாது. ஒரு வீட்டு ஆட்களைப் பிரிக்கக்கூடாது என்பதற்குத்தான் அத்தனை வரி. உங்கள் ஆறு வரியில் அது இல்லை. தேவையற்றது என்று வெட்டிவிட்டீர்கள். சிரித்த முந்நூறு பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

குயா, நான் எவ்வளவு பொறுமையாக இருந்தேன் தெரியுமா? மணிலா அலுவலகத்தில் சாப்பாட்டு மேசையிலும் லிஸ்ப், கூட்டத்திலும் லிஸ்ப் என்று பேசிப் பேசி, கடைசியில் உங்கள் பக்கத்தில் யாரும் உட்காராமல் போனதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதனால் நான் இங்கே வாயே திறக்கவில்லை. யாருடைய மொழியையும் குறை சொல்லவில்லை. விடுதியில் யார் எப்போது குளிப்பது என்று முறை போட லிஸ்பில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். திரையைப் பார்த்துவிட்டு, "என்னடி ஜோவி, உன் கீபோர்டுல மத்த எழுத்தெல்லாம் செத்துப்போச்சா? வெறும் அடைப்புக்குறியா இருக்கு!" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து கிரிசாந்தா தானாக வந்து, "போட்டி முடியட்டும், அந்தப் பிறை பிறையா இருக்கிறதை எனக்கும் சொல்லிக் கொடுடி" என்றாள். உங்களால் பத்து வருடத்தில் ஒருவரைக்கூட இப்படிக் கேட்க வைக்க முடியவில்லை. நான் கேட்க வைத்தேன். நீங்கள் ஒரே இரவில் அதையும் கெடுத்தீர்கள்.

நிரலை வெளியே கொடுத்தது தோதோங் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்கள். இன்று கருவாடும் சோறும் அப்படியே இருக்க எழுந்து போனான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்கத்தான் போன்களை வாங்கினார்கள்; நாளை சார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார். உங்களுக்கு அனுப்பிய செய்தியை அழித்துவிட்டேன். அழித்தபின் பயம் இன்னும் கூடிவிட்டது. விடுதியை விட்டு அனுப்புவார்கள். அம்மாவைக் கூப்பிடுவார்கள். இருந்தாலும் நான்தான் கொடுத்தேன் என்று சொல்லப்போகிறேன். 

உங்களுக்கு அந்த மொழி பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் எனக்குக் கிரிசாந்தாவையும் பிடிக்கும்.

நான் சாரின் அறைக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். விளக்கம் எழுதாதீர்கள். பிறகு கிரிசாந்தாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். நீளமாக வேண்டாம், இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியில் லிஸ்ப் என்ற சொல் ஒருமுறைகூட வரக்கூடாது. உங்களால் முடியுமா குயா? முடியும் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார ஒருவரையாவது கடவுள் தரட்டும்.

உங்கள் தங்கை,
ஜோவெலின்