மண் தடத்துக்காகப் பேச எழுந்தபோது

நோர்பரி, இலண்டன்
கார்த்திகை 16, 2008

என் அன்பு மகன் திருமாறனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் எழும்பி நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த வெயில் ஊரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைந்தபாடில்லை, ஆனாலும் பஸ் எடுத்து டூட்டிங்குக்குப் போய் மீன் வாங்கி வராவிட்டால் அவருக்குச் சனிக்கிழமை விடிந்ததாகாது. குளிர் இந்த முறை முன்னதாகவே வந்துவிட்டது. கிழமைக்குக் கிழமை ரெலிபோனில் கதைக்கிற அம்மா இப்போது ஏன் கடிதம் எழுதுகிறா என்று நீ யோசிப்பாய். வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை மகன், வேறொன்றும் இல்லை. போன மாதம் நீ எங்கள் ஒழுங்கைக் கடைசியில் இருந்த கார் ரேஸ் ஓடுகிற மண் மைதானத்தை இடித்துப் போட்டிருக்கிற படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு ரெலிபோன் எடுத்து, "அங்க எங்களுக்காக எழும்பிக் கதைக்க ஒரு ஆள்கூட இல்லையோ அம்மா" என்று கேட்டாய். நான் அடுப்பில் கறி கொதிக்கிறது என்று சொல்லி ரெலிபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. கவுன்சில் கூட்டத்தில் ஒரு ஆள் எழும்பிக் கதைத்தது உண்மைதான். அது நான். ஆனால் மைதானத்துக்கு எதிராகக் கதைத்தேன்.

நீ அவுஸ்திரேலியாவுக்கு, பேர்த்துக்குப் போன பிறகு நடந்ததெல்லாம் உனக்கு முழுதாகத் தெரியாது. நீ ரேஸ் கார் ஓடின காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒழுங்கையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, படிவரிசை நிறைந்து வழியும், பிள்ளைகள் கம்பி வேலியில் தொங்கிக்கொண்டு நிற்பார்கள். நீ போன அடுத்த வருசமே கூட்டம் குறையத் தொடங்கிவிட்டது. வயசான ஓட்டக்காரர் ஒவ்வொருவராக நின்றார்கள், அவர்கள் இடத்துக்கு இளம் பிள்ளைகள் வரவில்லை, பிள்ளைகள் ஓட்டுகிற ரேஸ் எல்லாம் ரீவி விளையாட்டுப் பெட்டிக்குள் என்று மைதானத்தை நடத்தின றெஜ் பகிடியாகச் சொல்வார். பழைய இரும்புக்குச் சீனாவில் நல்ல விலை என்று, ஓட்டத்துக்கு எடுக்கிற பழைய கார்கள் எல்லாம் நேரே நசுக்குகிற இடத்துக்குப் போய்விட்டன. உனக்குக் கார் கட்டித் தந்த கிருஷ்ணராசா அண்ணை தன்னுடைய கராச்சுக்கு ஒரு கார் தேடிக் கென்ற் வரைக்கும் அலைந்து வெறுங்கையோடு வந்தார். கடைசி வருசங்களில் ஆறேழு கார்தான் வரும், அதே கார்களையே திரும்ப இறக்கி அடுத்த ஓட்டம் என்பார்கள். றெஜ்தான் வாசலில் ரிக்கற் கிழிப்பார், பிறகு ஓடிப்போய்க் கொடியைப் பிடிப்பார், இடையில் மைக்கிலும் கதைப்பார். அவர் மனுசி மொரீன் தேத்தண்ணிக் கடையில் தனியே நிற்பா. ஒரு நாள் அம்புலன்ஸ் வரவில்லை என்று ஓட்டம் விடாமல், வந்த கொஞ்சப் பேரையும் மழையில் திருப்பி அனுப்பினார்கள். பின்பக்கம் புதிதாக வீடு வாங்கி வந்தவர்கள் சத்தம், தூசி என்று கவுன்சிலுக்கு எழுதி எழுதி, கிழமைதோறும் நடந்ததை மாதத்துக்கு ஒன்றாக்கிவிட்டார்கள். உனக்குச் சொல்லாத ஒன்று, நீ போன பிறகும் நான் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தேன். றோல்ஸ் சுட்டுக் கொண்டுபோய் மொரீனுக்குப் பக்கத்தில் இருந்துகொள்வேன். கொடியில் காயப்போட்ட உடுப்பில் சிவப்பு மண் படிந்தால் உதறி எடுத்துக்கொள்வேன், எனக்கு அது ஒரு கரைச்சலாகவே தெரிந்ததில்லை. அந்த எஞ்சின் சத்தம் கேட்டால் நீ எங்கேயோ பக்கத்தில் நிற்கிறாய் என்பது போல இருக்கும்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு உனக்கு நினைவிருக்க வேணும். எல்லாக் காரும் ஒன்றாக உறுமின உடனே நான் உன்னையும் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டேன், ஊரில் போர் நேரம் செல் குண்டு விழும்போது பதுங்கின பழக்கம். யாரோ சொல்லி அது மொரீனின் காதுக்குப் போய், மறுநாள் அவ வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஆளில்லாத மைதானத்தைக் காட்டினா. றெஜ் ஒரு காரை ஸ்ராட் பண்ணி, நிறுத்தி, திரும்ப ஸ்ராட் பண்ணி, சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கும்வரை பொறுமையாகக் காட்டினார். அதோடு அந்தப் பயம் போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது மகன். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

போன வருசக் கடைசியில் ஒரு கட்டிடக் கம்பனி அந்தக் காணியை வாங்கிப் பிளாற் மாடிவீடுகள் கட்டக் கவுன்சிலிடம் அனுமதி கேட்டது. அதில் ஒரு பகுதி வீட்டுக்குக் காத்திருக்கிற குடும்பங்களுக்கு என்று சொன்னார்கள். உன் தங்கச்சி வாணியின் நிலைமை உனக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. மருமகன் விட்டுப் போன பிறகு எங்கள் கவுன்சில் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் கொஞ்ச நாளைக்கு என்று இலண்டனின் மறுகோடியில், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் கொண்டுபோய் விட்டது. கொஞ்ச நாள் வருசக் கணக்காகிவிட்டது. சுவர் முழுக்கப் பூஞ்சணம், துடைத்தால் அடுத்த கிழமை திரும்பக் கறுத்துவிடும். சின்னவனுக்கு மூச்சு இழுப்பு. நாங்கள் இருப்பதே வாடகைக்கு ஒரு படுக்கையறைக் கீழ்மாடி, வீட்டுக்காரர் வேறு ஆட்களைச் சேர்க்க விடமாட்டார். இந்த இடத்துப் பிள்ளைகளைத்தான் புதுப் பிளாற்றுக்கு முதலில் பார்ப்பார்கள் என்று கவுன்சில் ஒஃபிசில் இருக்கிற பெண் வாணிக்குச் சொன்னாளாம். வாணி அதை எனக்குச் சொல்லிவிட்டு, உடனே, அண்ணை பழகின இடமல்லோ அது, பாவம் என்றும் சொன்னாள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தை மாதம் றெஜ் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் எங்கள் பக்கம் கதைக்க வருவீங்களோ என்று கேட்டார். தாங்கள் கதைத்தால் பிழைப்புக்காகக் கதைக்கிறார்கள் என்று நினைப்பார்களாம், மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருந்து, அங்கே ஒரு பிள்ளையை வளர்த்தெடுத்த தாய் கதைத்தால் கேட்பார்களாம். நான் ஓம் என்று சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். கூட்டத்துக்கு முந்தின கிழமை சின்னவனை ஆஸ்பத்திரியில் விட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். முகத்தில் மூடி போட்டிருந்தது, நெஞ்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, வாணி பக்கத்துக் கதிரையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தாள். அவள் அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

கூட்டத்தில் றெஜ்ஜின் ஆட்கள் ரேஸ் ஜக்கற்றோடு ஒரு பக்கம் முழுக்க இருந்தார்கள், கிருஷ்ணராசா அண்ணையும் அவர்களோடு இருந்தார். அவர்கள் பக்கம் கதைக்கிற ஆளாகத்தான் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பி நின்றபோது என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. என் மகன் அங்கே வளர்ந்தான் என்று தொடங்கினேன், பிறகு வாய் என்னை அறியாமல் மகளுக்கு வீடில்லை என்று போய்விட்டது. மேசையில் இருந்த கவுன்சிலர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வீடில்லை என்று அன்றைக்கு எத்தனை பேர் சொல்லக் கேட்டாரோ. அப்போதுதான் அந்த முதல் ஞாயிற்றுக் கதையை எடுத்தேன். மேசைக்குக் கீழே போனதைச் சொன்னேன். எல்லாத் தலையும் நிமிர்ந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். மொரீன் கூட்டிப்போய்க் காட்டியதைச் சொல்லியிருக்கலாம். நான் அதை விட்டுவிட்டு, "அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இண்டைக்கும் நெஞ்சு நடுங்கும்" என்று சொன்னேன். பிறகு கவுன்சிலர்கள் கை உயர்த்திப் பிளாற்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். நான் கதைக்காவிட்டாலும் கொடுத்திருப்பார்கள் என்று அப்பா சொல்கிறார். இருக்கலாம்.

வெளியே வரும்போது கிருஷ்ணராசா அண்ணை என்னைப் பாராமல் போனார், இன்றுவரை அவர் எங்களோடு கதைப்பதில்லை, அது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. றெஜ் போகவில்லை. வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். "இவ்வளவு வருசமும் எங்களுக்கு விளங்கேல்லை, மகா. உங்களை வருத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேணும். பரவாயில்லை என்று சொன்னேன், மகன். அவரை மன்னிக்கிறவள் போலப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. சித்திரையில் கடைசி ஓட்டம். அதற்கு இரண்டு நாளைக்கு முன்னர் மொரீன் வந்து, ஞாயிற்றுக்கிழமை மற்ற நாளைவிடச் சத்தம் கூட இருக்கும், பழைய ஓட்டக்காரர் எல்லாரும் வருகினம், நீங்கள் அன்றைக்கு வேறெங்கேயும் போய் நின்றால் நல்லது என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனா. நான் என்ன செய்வது. அன்றைக்கு உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டேன். படிவரிசை நிறைகிற அளவுக்குச் சனம் போய்க்கொண்டிருந்தது, நீ ஓடின காலம் போல. தெரிந்த ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போக நான் மற்றப் பக்கம் நடந்தேன். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது கார்கள் உறுமிய சத்தம் கேட்டது. வந்த பஸ்ஸில் ஏறாமல் ஓட்டம் முடியும்வரை அங்கேயே நின்றேன். டூட்டிங்கில் சுற்றிவிட்டு வந்ததாக அப்பாவிடம் சொன்னேன்.

ஆனியில் படிவரிசையை இடித்தார்கள். மண்ணை லொறி லொறியாக அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு ஐப்பசியில் வங்கிகள் எல்லாம் விழுகிறது என்று ரீவியில் சொன்ன கிழமையோடு அந்தக் கம்பனி வேலையை நிறுத்திவிட்டது. இப்போது சுற்றிவரப் பலகை அடித்து, உள்ளே தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. பிளாற் எப்போது வரும் என்று கவுன்சிலில் ஒருவருக்கும் தெரியாது. வாணி இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறாள். சின்னவனுக்கு மருந்து மாற்றிக் கொடுத்த பிறகு கொஞ்சம் சுகம், மூத்தவள் நன்றாகப் படிக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை நான் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ரயில் எடுத்து மார்கேற் என்ற கடற்கரை ஊருக்குப் போனேன். றெஜ்ஜும் மொரீனும் இப்போது அங்கேதான், கடற்கரைக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டில். மொரீன் கதவைத் திறந்து என்னைக் கட்டிப்பிடித்தா. கோட்டைக் கழற்ற முதலே சொல்லிவிட்டேன். எனக்கு அந்தச் சத்தத்தில் பயம் இருக்கவில்லை, கூட்டத்தில் சொன்னது பொய், வாணிக்கு வீடு கிடைக்கும் என்று நினைத்துச் சொன்னேன் என்று சொன்னேன். மொரீன் நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டா, உங்களை வருத்திவிட்டோமே என்று கோடை முழுக்க நாங்கள் அதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம் என்றா. றெஜ் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு, "பிள்ளைக்கு வீடு வேணுமெண்டு என்னட்டை முதலே சொல்லியிருந்தால், நானே எழும்பி அதைச் சொல்லியிருப்பன்" என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து வெளியே போனார், நான் இருந்த நேரம் முழுக்க உள்ளே வரவேயில்லை. மொரீன் தேத்தண்ணி தந்து, ஸ்ரேசன் வரைக்கும் கூட வந்தா. திரும்ப வாங்கோ என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இனி நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை மூச்சுக்குக் கஷ்டப்படுவதைப் பார்த்த தாய்க்கு வேறு வழி இருந்ததோ என்று சில நாள் நினைப்பேன். இருந்தது, றெஜ் சொன்ன வழி இருந்தது, எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு நீ வரும்போது அவர்களைப் போய்ப் பார். என் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது என்னுடைய பாடு. நீ உன் பாட்டுக்குப் போ, உன்னைக் கண்டால் றெஜ் சந்தோசப்படுவார். கிருஷ்ணராசா அண்ணையின் கராச்சில் உன் கார் இன்னும் நிற்கிறது, அதையும் போய்ப் பார், அவர் உன்னிடம் முகம் திருப்ப மாட்டார். தடித்த கோட் ஒன்று எடுத்து வா, போன முறை போல அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு திரியாதே. அங்கே வெயிலில் வேலை செய்யும்போது தொப்பி போடு, தண்ணீர் குடி.

முக்கியமான ஒன்று, நான் கதைத்தது தனக்காக என்று கூட்டத்துக்கு வராத வாணிக்குத் தெரியாது. அவளும் நான் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று நம்பி, இவ்வளவு நாளும் எங்களுக்கு ஏன் சொல்லேல்லை என்று என் தலையைத் தடவிவிட்டாள். அவள் அப்படியே நம்பட்டும். அந்தப் பாரம் அவளுக்கு வேண்டாம், நீயும் தவறிச் சொல்லிவிடாதே.

நீ நெடுநாள் நல்லபடி இருக்க வேணும், உன் கைவேலை செழிக்க வேணும், நல்ல இடத்தில் ஒரு வாழ்க்கை அமைய வேணும் என்று எந்தக் கடவுளைக் கண்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதை வாசித்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல ரெலிபோன் எடு. என்னோடு கதைக்க மனம் வராவிட்டால் அப்பாவோடு கதை. நான் பக்கத்தில் இருந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்னை நினைத்தபடி,
அம்மா மகாதேவி