சாமி குடிச்சது

பிப்ரவரி 2, திங்கள்
இங்கே எல்லாரும் தினம் நோட்டு எழுதணுமாம். எனக்கு எழுத்து தெரியாது. பக்கத்துக் கட்டில் விஸ்வேஸ்வரன், தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலை பார்த்தவர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். "பேயாண்டிண்ணே, கூட்டியும் எழுத மாட்டேன், குறைச்சும் எழுத மாட்டேன்" என்றார். அவரும் குடியை விட வந்தவர்தான். நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து இன்றோடு பத்து நாள். பதினைந்து நாள் கழித்துத்தான் வீட்டு ஆட்களைப் பார்க்க விடுவார்களாம். எனக்கு யார் வருவா?

பிப்ரவரி 5
மாத்திரை. கஞ்சி. தூக்கம் இல்லை.

பிப்ரவரி 6, வெள்ளி
கூட்டத்தில், முதல்முதலாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டார்கள். மத்தவர்கள் யோசித்தார்கள். எனக்கு யோசனை வேண்டாம். எழுபத்தாறாம் வருசம், மாசி சிவராத்திரி. அப்பா செத்து, கருப்பசாமி என்மேல் இறங்கின முதல் வருசம். எனக்குப் பத்தொன்பது வயசு. சாமிக்குப் படைத்த சாராயத்தை என் வாயில்தான் ஊற்றினார்கள். சாமி மலையேறிருச்சு. நான் நிறுத்தலை.
அப்போ சாமியையும் சேர்த்துல்ல இங்க அட்மிட் பண்ணியிருக்கணும் என்றார் விஸ்வேஸ்வரன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு
அழகுபாண்டி வந்தான். என் மகன், என்னை இங்கே கொண்டாந்து விட்டவன். கேட்டில் பார்த்ததும் கண்ணு கலங்கிப்போச்சு. பத்து நிமிசம் நல்லாப் பேசினான். அப்புறம்தான் வந்த காரியம். வர்ற ஞாயிறு சிவராத்திரி. ஒரு நாள் வந்து சாமியாடிட்டு, மறுநாள் திரும்பிரலாமாம். நான் வராட்டி சித்தப்பாதான் நிக்கணும் என்றான். அதாவது என் தம்பி காளை. அறுபத்திமூணு வயசுல ஒரு சொட்டு தொட்டதில்லை.
"சாமிக்குப் பாட்டில் வேணும்லடா?"
"அது சாமி குடிக்கிறதுப்பா. நீயா குடிக்கிற?"
கிண்டல் இல்லை. நிசமாத்தான் சொன்னான். அம்பது வருசமா நானும் அப்படித்தானே நம்புனேன்.

பிப்ரவரி 12
போனால் ஊரே காலில் விழும். மத்த நாளில் யாரு என்கூடப் பேசுறா? அந்த ஒரு நாளும் போச்சுன்னா — நான் யாரு?

பிப்ரவரி 15, ஞாயிறு
வரலைன்னுட்டேன். அழகுபாண்டி வண்டியைத் திருப்பினான்.
பொழுது சாயும்போது உறுமி மேளம் கேட்ட மாதிரி உடம்பு உதறுச்சு. இங்கே ஏது உறுமி? கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 17
ஆபீஸ் போனில் மகனோடு பேச விட்டார்கள். சாமி காளைமேல் இறங்கிருச்சாம். ரெண்டு பாட்டில் கேட்டுச்சாம். ஒரு குறையும் இல்லையாம். என்னைப் பத்திச் சாமி ஏதாவது கேட்டுச்சா என்றேன்.
இல்லை என்றான்.

பிப்ரவரி 22, ஞாயிறு
முப்பது நாள் முடிஞ்சது. கூட்டிப்போகக் காளை வந்தான். "வாரியாண்ணே" என்று பையை வாங்கக் கிட்டே வந்தான். அவன் வாயில் ஏலக்காய் வாசம். வாய் வாடை தெரியக் கூடாதென்று நான் மென்னதும் அதுதான். மணி காலை ஒன்பது.
செத்த நேரம் உட்காருடா, போகலாம் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கான். என் முகத்தைப் பார்க்கலை.
இதை எழுதி முடிச்சதும், புதுசா ஒரு ஆளைச் சேர்க்க என்னென்ன வேணும்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க என்று விஸ்வேஸ்வரனிடம் சொல்லியிருக்கேன்.