பெட்டியின் கால் பக்கம்

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

மாமா புதிதாக ஒரே அளவில் இரண்டு ஜோடி சிவப்பு ஷூ வாங்கி வந்திருக்கிறார். ஒன்று அத்தைக்குச் சரியாக இருந்தது. இன்னொன்று என் காலில் நுழையவே இல்லை. “உனக்கில்லடி, யானைக்கால்! உன் தங்கச்சிக்கு. உன் காலும் அத்தை காலும் வேற வேறன்னு ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க” என்றார்.

மாமாவின் மேஜிக் ஆட்டத்தில் பெட்டியின் ஒரு பக்கம் அத்தை தலையைக் காட்டுவாள். மேசைக்குள் ஒளிந்திருக்கும் நான் மறுபக்கம் காலை நீட்டுவேன். மாமா நடுவில் ரம்பம் போடுவார். “முகமே தெரியாது, உன் கூச்சத்துக்கு நல்ல வேலை, ஒரு வருஷம்தான்டி” என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னை நிறுத்தி அனுப்பினாய். இது மூன்றாவது வருஷம்.

சின்னவள் ஆறாவதுதான் படிக்கிறாள். நீ சம்மதித்தாயா? போனில் கேட்க முடியாது, மாமா பக்கத்திலேயே நிற்பார். எழுதிப் போடு.

உன் மூத்தவள்

மார்ச் 9

செல்லத்துக்கு,

நேரில் வாயே திறக்காதவள், காகிதத்தில் மட்டும் இத்தனை கோபமா? அண்ணனை விட்டால் நமக்கு யார் இருக்கிறார்கள்? சரி என்று சொல்லிவிட்டேன். ஊர் ஊராகப் போகலாம் என்று சின்னவள் குதிக்கிறாள். ஒரு வருஷம்தானே! அடுத்த வாரம் அனுப்புகிறேன். நீதான் அவளுக்குப் பழக்கிவிட வேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

மார்ச் 14

அம்மா,

‘அன்புள்ள’ போட மனசு வரவில்லை. சின்னவளை அனுப்பாதே. அனுப்பினாலும் இனி இங்கே அவளுக்கு வேலை இல்லை.

ஆட்டத்துக்கு முன் மாமா தினமும் இந்த வித்தையின் வரலாற்றைச் சொல்வார். நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் முதன்முதலாக மேடையில் ஒரு பெண்ணை அறுத்தாராம். அரங்கத்து வாசலில் வாளி வாளியாகச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டி ஜனங்களை மிரட்டினாராம். இன்னொருவர் முதலில் ஒரு பையனை அறுத்துப் பார்த்தாராம். எடுபடவில்லையாம், பெண்ணுக்கு மாறினாராம். “ஆம்பளைய அறுத்தா எவன் பார்ப்பான்?” என்பார். சபை சிரிக்கும். வித்தைக்காரர்கள் பெயரையெல்லாம் தப்பில்லாமல் சொல்வார்.

நேற்று ஒத்திகையில் கேட்டேன். “அந்தப் பொண்ணு பேரு என்ன மாமா?”

“அது யாருக்குடி வேணும்?”

“காலைக் காட்டினவ பேரு?”

“காலுக்கு ஏதுடி பேரு? உள்ள போய்ப் படு.”

படுத்தேன். ராத்திரி ஆட்டத்தில் அறுத்து முடித்துப் பெட்டியை இரண்டாகத் தள்ளி வைத்தார். அந்தப் பக்கம் அத்தை சிரித்தாள். இந்தப் பக்கம் நான் பாதங்களை ஆட்டினேன். கைதட்டல்.

அது ஓயும்வரை காத்திருந்தேன். பிறகு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, மேடையின் முன்னால் போய் நின்று, என் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.