றோஸ்மேரி பார்த்துவந்த யப்பான்

ரொறன்ரோ
09.11.1997

அன்பு மகள் செரீனாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்கிறேன். குறையில்லை என்றது உடம்பைத்தான், மனதைப் பற்றி இனிமேல்தான் எழுதப்போகிறேன்.

கோயில் ஆட்களோடு நாகசாகிக்கு யாத்திரை வந்த றோஸ்மேரி போன கிழமை திரும்பிவிட்டா. மறுநாளே பதினான்காம் மாடியிலிருந்து மூன்று அல்பங்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தா. ஒன்றில்தான் கோயில் படங்கள், மற்ற இரண்டிலும் நீ. யாத்திரை முடிந்ததும் அவவைக் கியோட்டோவுக்குக் கூட்டிப்போய், வெளிநாட்டு ஆட்களுக்குக் கிமோனோ உடுத்திப் படம் எடுக்கும் கடையில் நிற்பாட்டியிருக்கிறாய். இடுப்புப் பட்டியை நீயே குனிந்து சரிசெய்கிறாய். அவவுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை, அப்பா நன்றாயிருக்கிறது என்றார், அன்று அவருடைய தேத்தண்ணிக்கு நான் சீனி போடவில்லை. நாராவில் தலையாட்டிப் பிஸ்கற் கேட்கும் மான்களையும் பார்த்தாவாம், வெந்நீர் ஊற்றில் ஆட்களுக்கு முன்னால் குளிக்க வெட்கப்பட்டுக் காலை மட்டும் நனைத்தாவாம். எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னா. எனக்கு வயிறு எரிந்தது, அதை உன்னிடம் ஏன் மறைப்பான்.

மே மாதம் நீ முதலில் என்னைத்தானே கேட்டாய், அந்தக் குழுவோடு வாங்கோ அம்மா, எல்லாம் சுத்திக் காட்டுறன் என்று. எனக்கேன் பிள்ளை உந்த ஊர் சுத்தல், வேண்டாம் என்றேன். நீ சரியம்மா என்றுவிட்டு அங்கத்தைய மழையைப் பற்றிக் கதைத்தாய். பிள்ளை, யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் நாங்கள் வேண்டாம் என்றுதானே சொல்வோம், அவர்கள் கொண்டுவந்து வைப்பார்கள், குடித்துவிட்டுத்தானே எழும்புவோம். நீ திரும்பக் கேட்பாய் என்று இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். றோஸ்மேரி, நீ கேட்ட உடனேயே ஓம் என்றிருப்பா.

அல்பங்களை மூடிவிட்டு அவ கடைசியாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார அம்மா பலகாரம் நீட்டும்போது, முதல் ஒருக்கா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அன்ரி, அதுதான் இஞ்சத்தைய மரியாதை, அவ திருப்பிக் கேப்பா என்று காதுக்குள் சொல்லிக் கொடுத்தாயாமே. யப்பான்காரரின் வேண்டாம் உனக்கு விளங்குகிறது, பெற்றவளின் வேண்டாம் விளங்கவில்லை. அன்று இரவு இதை அப்பாவிடம் சொல்லி முறையிட்டேன். அப்பா சிரித்தார், உனக்கு நல்லா வேணும் என்றார்.

ஆகவே நேரே எழுதுகிறேன், எனக்கு வர விருப்பம். விட்பி நகரத்திலிருந்து உன் தம்பி யூட்சன் வந்து பாஸ்போட் போம் நிரப்பித் தந்துவிட்டான். பூப்பூக்கும் காலத்தில் வருவேன், அந்த வீட்டுக்கார அம்மாவையும் ஒருக்கால் பார்க்க வேண்டும், உன்னை நன்றாகக் கவனிக்கிறாவாம், பார்ப்போம்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, யேசு உன்னைக் காப்பார். ஒரு யோசனைதான் மனதைக் குடைகிறது, மே மாதம் நீயும் மரியாதைக்காகத்தான் கேட்டாயோ என்று. அப்படியிருந்தாலும் பரவாயில்லை, நான் வருகிறேன்.

உன் அம்மா
வேரோனிக்கா