முன்பலகையில் இரண்டு பேர்

ஏப்ரல் 14, 1891

மழை. மெல்பர்னில் பழுது பார்த்து அனுப்பிய சுரங்க அளவுக் கருவியை ரயிலடியில் வாங்கிக்கொண்டு, அப்பா ஓட்டும் கோச்சு வண்டியிலேயே ஊர் திரும்பினேன். முன்பலகையில் அவருக்குப் பக்கத்தில் இடம். மற்ற நாளில் அங்கே யாராவது வெளியூர்க்காரனை உட்காரவைத்து வழியெல்லாம் கேள்வி கேட்பார். "தொரை, எதிர்ல என்ன வருது, சொல்லுங்க பாப்போம்!" ஊருக்கே தெரிந்த வேடிக்கை. என் அப்பா ஓசியா நான்கர்விஸ் ஓட்டும் வண்டியில் ஏறினால் பரீட்சை உண்டு என்பார்கள்.

என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மலைவெட்டில், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இருநூறு அடி கீழே ஆறு, எதிரே மரம் ஏற்றிய மாட்டுவண்டி. அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை. கத்தினேன். பிரேக்கை மிதித்தார். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் ஒரு சாண்.

"பாத்தேன்டா. காது கிழியக் கத்தாத."

பார்க்கவில்லை.

ஏப்ரல் 15

அது வேடிக்கையே இல்லை. ஏறுகிறவன் கண்ணை இரவல் வாங்கி ஓட்டுகிறார். எத்தனை மாதமாக? வண்டியில் பதினான்கு இருக்கை.

ஏப்ரல் 19, ஞாயிறு

வீட்டு வேதப்புத்தகத்தின் கடைசித் தாள்களில் பிறப்பும் இறப்பும் எழுதியிருக்கிறது. கார்ன்வாலிலிருந்து கப்பலில் வந்த புத்தகம். இதுவரை நான் புரட்டியதில்லை. தாத்தா, ஐம்பத்தோரு வயது, கடலோரப் பாறையிலிருந்து விழுந்து. அவர் தம்பி, துறைமுகப் படியில் விழுந்து. பெரியப்பா, நாற்பத்து நான்கு, சுரங்கக் குழியில் விழுந்து.

அக்கா லவ்டேயிடம் காட்டினேன். அம்மா போனபின் வீடு அவள் கையில்.

"குடிச்சிருப்பாங்க" என்றாள்.

"நம்ம வீட்லயா? குடிச்சா சபையில பேர அடிச்சிருப்பாங்களே."

மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஏற்கெனவே தெரியுமோ இவளுக்கு?

எல்லாரும் ஆண்கள். பெண் ஒருத்திகூட விழவில்லை.

ஏப்ரல் 21

சாப்பாட்டு மேசையில் அப்பாவின் இடது பக்கமாகத் தேநீர்க் கோப்பையை நீட்டினேன். கண்டுகொள்ளவில்லை. முகத்துக்கு நேரே கொண்டுவந்த பிறகுதான், "எப்ப கொண்டாந்தே?" என்றார்.

பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தேன். முட்டாள்தனமா? அளக்காமல் என்னால் இருக்க முடியாது. சுவரில் ஆணி அடித்து அதையே பார்த்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து கரண்டியை மெதுவாகக் கொண்டுவரும்படி லவ்டேயிடம் சொன்னேன். அதே மாதிரி அவளைச் சோதித்தபோது தொண்ணூறு பாகையிலேயே கரண்டி தெரிகிறது என்றாள். எனக்கு ஐம்பத்தெட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

மூன்று தடவை அளந்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. கருவியில் பிழையென்றால் திருப்பி அனுப்பலாம். இங்கே கருவி நான்தான்.

"வெளையாட்டுப் போதும்டா ஜேபஸ்" என்று கரண்டியைக் கீழே போட்டாள்.

எனக்கு வயது இருபத்து நான்கு.

ஏப்ரல் 29

சூரியன் மறைந்தது 5.35. இங்கே குளிர்காலம் நெருங்குகிறது, நாளுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் குறைகிறது. வண்டி மலைவெட்டை எட்டுவது 5.20. மே நடுவில் அங்கே வெளிச்சம் இருக்காது; வெளிச்சத்திலேயே தடுமாறுகிறவர் அப்பா. இந்தக் கணக்குக்குப் படிப்பே வேண்டாம்.

வண்டி ஆபீசுக்குப் போனேன். ஏஜென்ட் டல்லக் காலை மேசைமேல் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன இன்ஜினியர் சார், நம்ம பக்கம்?" அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது, "மே மாசம் வண்டி நேரம் மாறுதா?"

கோழை.

மே 6

சுரங்கத்தில் இறங்கத் தயாராக நின்ற என்னைத் தலைமை மேலாளர் ரோஸ்வார்ன் கூப்பிட்டார். "ஒங்கப்பா வந்துட்டுப் போனார். நீ இனிமே ஏணில எறங்கக் கூடாதாம். மேல படம் வரையற வேல குடுக்கச் சொல்றார். என்னப்பா ஒனக்கு?"

வீட்டுக்கு ஓடினேன். அப்பா வாசலில் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைக் காட்டிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க!"

"நீதான் மொதல்ல என்னைக் காட்டிக் குடுக்கக் கெளம்பினே. டல்லக் சிரிக்கிறான். பத்தொம்பது வருசமா வண்டிக்காரன் வீட்ல இருக்கறவன், வண்டி நேரம் கேக்க வந்தானாம்." துணியைக் கீழே வைத்தார். "வாசப்படி வாளியில நாலு தடவ இடிச்சுக்கிட்டே. எங்கண்ணனும் இப்படித்தான் இடிச்சுக்குவான். அப்புறம் குழிக்குள்ள போனான்."

"அப்ப நீங்களும் வண்டிய விட்டு எறங்குங்க!"

"எனக்கு நாலு குதிரை இருக்குடா. அதுங்க கண்ணு போதும். ஏணியில ஒனக்கு என்ன இருக்கு?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முன்னாலேயே, என்னைப் பற்றி.

மே 12

சுரங்கத்துக்குள் எனக்கு இனி வேலை இல்லை. அவரைத் தனியாக விட மனமில்லாமல் முன்பலகையில் ஏறிக்கொண்டேன். என்ன புத்தி! பாதிக் கண் இரண்டு சேர்ந்தால் ஒரு கண் ஆகிவிடுமா?

மலைவெட்டில் நுழையும்போது எல்லாம் சாம்பல் நிறம். முதல் வளைவு தாண்டியதும் முன்குதிரைகள் தாமாக நின்றன. காது பின்னுக்கு மடிந்திருந்தது. அப்பா வாரைச் சுண்டினார். நகரவில்லை.

"என்னடா அது?" என்றார் அப்பா.

"என்னப்பா அது?" என்றேன் நான். அதே நொடியில்.

உள்ளேயிருந்து கோழிக்கூடை வைத்திருந்த கிழவி தலையை நீட்டினாள். "ஏன்யா, நடு ரோட்டுல மாட்டுக் கொட்டா கணக்கா பாறை விழுந்து கெடக்கு. ரெண்டு பேர் ஒசரத்துல ஒக்காந்திருக்கீங்க, ரெண்டு பேருக்குமா கண்ணு அவிஞ்சுபோச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு குழந்தைகூடச் சிரித்தது. அப்பாவின் முழங்கால் என் முழங்காலை ஒட்டி இருந்தது.

மே 13

காலையில் அப்பா சாட்டையைத் தானே கொண்டுபோய் டல்லக்கின் மேசைமேல் வைத்தார். நான் வெளியே நின்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மே 27

மெல்பர்ன் கண் வைத்தியருக்கு எழுதியிருந்தோம், வரச் சொல்லிவிட்டார். மூன்று பேரும் கிளம்பினோம். இப்போது வண்டி ஓட்டுவது லாயத்தில் வேலை செய்த ஆல்ஃப். "மேல வாங்க பெரியவரே, ஒங்க எடம்தான்" என்றான்.

"பையனோட உள்ள ஒக்காந்துக்கறேன்" என்றார் அப்பா.

பத்தொன்பது வருடம் ஓட்டியவர், ஒருநாளும் அந்த வண்டிக்குள் உட்கார்ந்ததில்லை. கதவுப் பிடி எங்கே என்று தெரியவில்லை, மரத்தைத் தடவினார். உதவப் போய் நானும் தடவினேன். விடிந்து வெகுநேரம் ஆகவில்லை, லாயத்து நிழல் வேறு.

லவ்டே பின்னாலிருந்து எட்டி, எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து, பிடியின்மேல் வைத்தாள்.