மெல்பேர்ண்வரை கேட்கும் கதவு

மெல்பேர்ண்
4 ஆகஸ்ட் 2024

அன்பு அழகரத்தினத்துக்கு,

நீயும் உன் தோணியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மருமகன் நைஜல் ஊருக்கு வந்தபோது உன்னைப் பாலத்தடியில் கண்டானாம். "அங்கிள், உங்கட கூட்டாளி இன்னும் வலை வீசுறார். ஆனா எனக்கு முகம் தரல்ல" என்றான். வயது போகப் போக உனக்குக் கோபம் கூடுகிறதாக்கும்.

என் மனுசி எத்தலுக்கு இந்தக் குளிர் ஒத்துவரவில்லை. டொக்டரும் சூடான இடத்துக்குப் போகச் சொல்கிறார். நத்தார்ப் பண்டிகைக்கு வாவிக்கரை வீட்டுக்கு வந்துவிடுவோம். வந்தால் திரும்புவதில்லை என்று இரண்டு பேரும் முடிவெடுத்துவிட்டோம். நைஜல் கூரை எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டான். அம்மாவின் அலுமாரி, அப்பாவின் வயலின், எங்கள் கலியாணப் படம், எல்லாம் உள்ளே இருக்கிறது. கள்ளர் பயம்தான் ஒரே கவலை.

அதனால் அலாரம் பூட்டுகிறேன். கதவிலும் யன்னல்களிலும் காந்தத் துண்டுகள் வைப்பார்கள். முன்கதவில் கமராவும் மைக்கும் ஸ்பீக்கரும் வரும். கதவைத் தட்டினாலே எனக்கு இங்கே போனில் கேட்கும். எல்லாம் இன்ரநெற் வழியாகக் கொழும்பில் ஒரு கண்காணிப்பு நிலையத்துக்குப் போகிறது. அலாரம் அடித்தால் அங்கிருந்து முதலில் ஊரில் சாவி வைத்திருக்கும் ஆளுக்குப் போன் எடுப்பார்கள். அந்த ஆள் இரகசியச் சொல்லைச் சொன்னால் பேசாமல் விட்டுவிடுவார்கள். சொல்லாவிட்டால் எனக்கு எடுப்பார்கள். நானும் சொல்லாவிட்டால் பொலிஸ்.

ஊரில் ஓர் ஆள் இல்லாமல் இணைப்புத் தரமாட்டார்களாம். என் ஆட்கள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டார்கள். உன்னை விட்டால் எனக்கு யார்? உனக்கு எழுத்து வாசிப்பு இல்லை என்று சொல்லியிருக்கிறேன், இலக்கம் ஒன்றும் அமத்த வேண்டாம். சொல்லை நீயே தெரிந்தெடு. உனக்கு மறந்துபோகாத ஒரு சொல்லாக இருக்கட்டும்.

போன் எடுத்துப் பார்த்தேன், வெட்டி வெட்டிப் போனது. அதனால்தான் கடிதம்.

உன் பழைய கூட்டாளி
வோல்ட்டர்

*

வாவிக்கரை
மட்டக்களப்பு
30 ஆகஸ்ட் 2024

வோல்ட்டருக்கு,

போன் தானாக வெட்டுப்படவில்லை. நீ என்று தெரிந்துதான் வெட்டினேன். நீ வாயால் சொல்லும் சொல்லுக்குச் சாட்சி இல்லை. எதுவென்றாலும் எழுது. பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் கேதீஸ்வரி வாசித்துக் காட்டுவாள். இதையும் அவள்தான் எழுதுகிறாள். நான் சொல்வதில் ஒன்றையும் கழுவித் துடைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் வீட்டுக்குச் சாவி வைத்திருக்கும் ஆளாக நிற்கச் சம்மதம். சாவியை நைஜலின் சிநேகிதன் கரடியனாற்றில் இருந்து கொண்டுவந்து தந்துவிட்டுப் போனான்.

அலாரக்காரர் வந்து சுவரைத் துளைத்தார்கள். முன்கதவைத் துளைக்கத்தான் பாடுபட்டார்கள். முதிரை மரக் கதவு, உன் அப்பா தன் கையால் இழைத்தது, சும்மா விடுமா? ஊசி ஒன்று முறிந்துபோனது. "என்ன ஐயா இது, கோட்டைக் கதவா?" என்று கேட்டான் ஒருவன். "கோட்டைதான் தம்பி. புயலுக்கே திறக்காத கதவு" என்றேன்.

பிறகு கொழும்பில் இருந்து ஒரு பிள்ளை போனில் பேசினாள். றுக்ஷானா என்று பெயர், நல்ல மரியாதையான பிள்ளை.

"ஐயா, உங்கட இரகசியச் சொல் என்ன?"

"கண்ணகை."

"அம்மன்ட பேரா ஐயா?"

"அம்மன்ட பேர்தான் மகள். என்ட தங்கச்சிட பேரும் அதுதான்."

எழுதிக்கொண்டாள். மறந்துபோகாத சொல் கேட்டாயே, இதைவிட மறக்காத சொல் என்னிடம் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மறுமொழி எழுது. இந்தக் கதவைத் தட்டினால் மெல்பேர்ணுக்கே கேட்கும் என்றாயே, அது மெய்யா?

அழகரத்தினம்
(பெருவிரல் அடையாளம்)

*

மெல்பேர்ண்
22 செப்ரெம்பர் 2024

அன்பு அழகு,

கடிதம் கிடைத்தது. கேட்கும் என்பது மெய்தான், நல்ல தெளிவாகவே கேட்கும்.

ஆனால் சொல்லை மாற்று. தோணி என்று வை, முதிரை என்று வை, எனக்கு எதுவும் சரி. நானே மாற்றலாம் என்று பார்த்தால், சாவி வைத்திருப்பவரும் சம்மதம் சொல்ல வேண்டுமாம். உன்னைக் கேட்டபோது முடியாது என்றாயாம்.

போன கிழமை நடந்தது உனக்குத் தெரியும். பின்யன்னலில் உடும்பு மாதிரிக் கபரகொய்யா ஒன்று ஏறி அலாரம் அடித்திருக்கிறது. உன்னிடம் கேட்டதற்கு "வீட்டுக்காரரைக் கேளுங்க" என்றாயாம். நான் எத்தலோடு டொக்டரின் அறை வாசலில் இருந்தேன். போனில் அந்தப் பிள்ளை சொல்லைக் கேட்கிறாள், நான் மெதுவாகச் சொல்கிறேன், "விளங்கல்ல சேர், கொஞ்சம் சத்தமா" என்கிறாள். அத்தனை பேருக்கும் நடுவில் அந்தப் பெயரைக் கத்திச் சொன்னேன். எத்தல் என் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு வீட்டில் சரியான பேச்சில்லை.

கண்ணகை நல்ல பிள்ளை. அம்மாவிடம் சட்டைக்கு றேந்தை பின்னப் பழகியவள். அவள் புயலில் போனதற்கு நாங்கள் அழாமல் இருந்தோமா? அந்தக் காற்றில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். பழையதைக் கிளறாதே, அழகு. எங்களுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

அன்புடன்
வோல்ட்டர்

*

வாவிக்கரை
மட்டக்களப்பு
12 ஒக்ரோபர் 2024

வோல்ட்டருக்கு,

அந்தப் பெயர் உன் வாயில் வந்ததை அறிந்தேன். அன்றைக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கூடுதலாகக் குடித்தேன்.

நீ பழையது என்கிறாய். எனக்கு அது அயத்துப் போகவில்லை. எழுத்துத் தெரிந்தவன் தாளில் எழுதி வைத்துவிட்டு மறந்து போவான், எனக்கு அந்த வசதி இல்லை. இருந்து கேள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகை. நான் வெல்லாவெளி வயல் வட்டையில் வேளாண்மைக் காவலுக்குப் போகிறேன். எங்கள் ஓலைக் கிடுகு வீட்டில் கண்ணகை தனியே. போகும்போது உன் வாசலில் நின்று, "வோல்ட்டர், தங்கச்சிய ஒருக்காப் பார்த்துக்கொள்" என்றேன். நீ சீவுளியைக் கீழே வைக்காமலே சொன்னாய்: "போ மச்சான். எங்கட கதவு அவளுக்கு எப்பவும் திறந்துதான் கிடக்கும்." நீ வாயால் சொன்ன சொல் அது.

பொழுதுபடக் காற்று எழும்பியது. எங்கள் கூரை போனதும் அவள் உன் வீட்டுக்கு ஓடினாள். வேறு எங்கே போவாள், ஊரிலே கல்வீடு உன்னுடையதுதானே. பின்வளவுச் சீதேவி மாமி கிணற்றுக்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவ கண்டா. இரண்டு கையாலும் கதவில் அடித்தாளாம். உன் பெயர், உன் அம்மாவின் பெயர், எத்தலின் பெயர், ஒன்றையும் விடாமல் கூப்பிட்டாளாம். அடித்து ஓய்ந்து திரும்பும்போதுதான் தென்னை முறிந்து விழுந்தது.

காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்கிறாய். சரி. அடுத்த நாள் மத்தியானம் நான் வெள்ளத்தில் நீந்தி ஊருக்கு வந்தேன். உன் வேலிப் படலையடியில் நீ நின்றாய். நான் வாய் திறக்க முன்னம் நீ என்னைக் கேட்டது என்ன? "அழகு, கண்ணகை வீட்ட திரும்பி வந்திட்டாளா?"

திரும்பி! அவள் வீட்டை விட்டுக் கிளம்பினதே உனக்குத் தெரியாது என்றால், திரும்பி வந்தாளா என்று எப்படிக் கேட்டாய்? தென்னைக்குக் கீழே அவளை நாங்கள் அதற்குப் பிறகுதான் கண்டோம். அந்த ஒரு கேள்வியை நாற்பத்தாறு வருடம் வாய்க்குள் வைத்திருக்கிறேன். நீ மாலையும் கழுத்துமாய் விமானம் ஏறிப் போனபோதும் வைத்திருந்தேன். உன் அம்மாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தபோதும் வைத்திருந்தேன்.

"இதை எழுத வேண்டாம் மாமா, பாவம் அந்த ஆள்" என்கிறாள் கேதீஸ்வரி. "பாவத்தை அவன் பார்க்கட்டும். நீ எழுது கா, பிள்ளை" என்கிறேன்.

எனக்கு உன்னிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. "கேட்டது" என்று உன் கையால் எழுதி அனுப்பு. அனுப்பினால் சொல்லை மாற்றுகிறேன், வீட்டையும் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறேன். அதுவரைக்கும் கபரகொய்யா ஏறினாலும் காகம் கொத்தினாலும் கண்ணகை பெயரை நீதான் சொல்ல வேண்டும்.

அழகரத்தினம்
(பெருவிரல் அடையாளம்)

*

மெல்பேர்ண்
2 நவம்பர் 2024

அழகரத்தினம்,

உன் கடிதத்தை எத்தலுக்குக் காட்டவில்லை. அவளுடைய இருதயம் தாங்காது.

அன்றைக்கு நான் என்ன கேட்டேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. புயல் அடித்த அடுத்த நாள் எல்லாரும் எல்லாரையும் தேடினார்கள், அப்படி ஏதும் கேட்டிருப்பேன். எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் திறந்திருக்க முடியாது. காற்று நேரே அந்தக் கதவில்தான் அடித்தது. கொஞ்சம் நீக்கினாலும் கூரை போயிருக்கும். உள்ளே சின்னப் பிள்ளைகளோடு பதினொரு பேர் இருந்தோம். நீ என் இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்?

இனி இதைப் பற்றி எழுதாதே. டிசெம்பர் முதலாம் திகதியில் இருந்து கரடியனாற்றுப் பொடியன் உன் இடத்துக்கு வருகிறான். சாவியை அவனிடம் கொடுத்துவிடு. முன்கதவுக்கு, போன் வழியாகத் திறக்கும் பூட்டும் போட்டாயிற்று. இனி யாரும் வந்தால் நான் இங்கிருந்தே திறந்துவிடுவேன். உனக்கு அலைச்சல் இல்லை.

வோல்ட்டர்

*

வாவிக்கரை
மட்டக்களப்பு
26 நவம்பர் 2024

வோல்ட்டருக்கு,

உன் இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டாய். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சனிக்கிழமைக் கதையைச் சொல்கிறேன், நீயும் அதில் இருந்தாய் என்றாலும்.

சனிக்கிழமை அவள் புயலில் போன நாள். காலையில் குளித்து, அவளுக்கு விளக்கு வைத்துவிட்டு, உன் வீட்டுக்கு வந்தேன். வாடைக்காற்றும் மழையும். சாவி இடுப்பில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. இரண்டு கையாலும் கதவில் அடித்தேன், அவள் அடித்த மாதிரி. சைரன் ஊரைக் கூட்டியது. றுக்ஷானா எடுத்தாள்.

"ஐயா, முன்கதவு அலாரம். அந்தச் சொல்லைச் சொல்லுங்க."

"இண்டைக்கு நான் சொல்லமாட்டன் மகள். அவரைக் கேள்."

நீ அவள் பெயரைச் சொல்லியிருக்கிறாய், சைரன் நின்றது. பிறகு ஆள் இல்லாத வீட்டின் கதவு உன் குரலில் பேசியது.

"அழகு? ஏன்டா மழைக்குள்ள நிக்கிறாய்?"

"தட்டுறன். கேக்குதா?"

"கேக்குது. சாவி உன்னட்டத்தானே கிடக்கு. திறந்து உள்ள போவன்."

"சாவி கிடக்கு. நான் தட்டுறன். நீ திற."

உன் மூச்சு எனக்குக் கேட்டது. உனக்குப் பின்னால் எத்தல் "ஆரது? ஆர் தட்டுற?" என்று கேட்டதும் கேட்டது. நான் திரும்பவும் அடித்தேன். கை தோல் உரிந்தது. வேலிக்கு வெளியே சனம் நின்று பார்க்கிறது. நான் அவள் கூப்பிட்ட மாதிரி உன் பெயரைக் கூப்பிட்டேன், உன் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டேன், எத்தலின் பெயரையும் கூப்பிட்டேன். எத்தல் அழத் தொடங்கினாள். அவளுக்கு அந்த வரிசை ஞாபகம் இருக்கிறது, வோல்ட்டர். அவளுக்கும் அயத்துப் போகவில்லை.

அப்போதுதான் பூட்டு கிளிக்கென்றது. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. உன் அப்பாவின் கதவு சுவரில் மோதித் திறந்தது. கூரை போகவில்லை.

"உள்ள வா அழகு. வாடா. நனையாத."

நான் வரவில்லை. அவளுக்குத் திறக்காத கதவுக்குள் எனக்கு என்ன வேலை? திரும்பி நடந்தேன். பின்னால் நீ கூப்பிட்டாய், கேட்டது. எனக்குக் கேட்டது என்பதை மறைக்காமல் எழுதச் சொல்கிறேன்.

பின்னேரம் றுக்ஷானா எடுத்தாள். "ஐயா, அவரால தூரத்தில இருந்து பூட்டத்தான் ஏலும், மூட ஏலாது. கதவு திறந்து கிடந்தா அலாரம் வேலை செய்யாது. ஒரு ஆள் போய்த் தள்ளி மூடத்தான் வேணும். நீங்க போவீங்களா?" என்றாள். என் பெயரை வெட்டிவிடச் சொன்னேன். "ஏதும் பிழை விட்டமா ஐயா?" என்று பாவம் அந்தப் பிள்ளை கேட்டாள். "உன்னில ஒரு பிழையும் இல்ல மகள்" என்றேன்.

கரடியனாற்றுப் பொடியனை நீ கூப்பிட்டிருப்பாய். அங்கே பாதைக்கு மேலால் வெள்ளம், எப்போது வடியும் என்று தெரியாது. அக்கம்பக்கத்தாரையும் கேட்டிருப்பாய். சனிக்கிழமை வேலியோரம் நின்ற சனத்தில் ஒருத்தரும் அந்தக் கதவைத் தொடமாட்டார்கள். ஏன் என்று அவர்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

உள்ளே மழை அடிக்கிறது. உன் அம்மாவின் அலுமாரிக் கால் தண்ணீரில் நிற்கிறது. ஒரு சாமானும் களவு போகவில்லை. நான் வாசலில் ஏறாமல் படலையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

இனி உன் கேள்விக்கு மறுமொழி. உன் இடத்தில் நின்றிருந்தால் நானும் பயந்திருப்பேன். திறக்காமலும் இருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் அடுத்த நாள் படலையடியில் வந்து நின்றவனுடைய காலில் விழுந்திருப்பேன். உன்னிடம் அதைத்தான் கேட்டேன், ஒரு சொல்லாக. நீ அதற்குப் பதிலாகப் பூட்டை மாற்றினாய்.

சாவி இந்த உறைக்குள் இருக்கிறது, பதிவுத் தபாலில் வரும். கதவை வந்து உன் கையால் மூடு.

மூன்று நாளாக அது காற்றில் அடிபடுகிறது. இரண்டு வளவு தள்ளிப் படுத்திருக்கும் எனக்கே கேட்கிறது. உனக்கு அங்கே இன்னும் தெளிவாகக் கேட்கும். கேட்கவில்லை என்று மட்டும் இனி எழுதாதே.

கண்ணகையின் அண்ணன்
அழகரத்தினம்
(பெருவிரல் அடையாளம்)