படத்தின் கீழே இருந்த பெயர்

என் சின்னம்மா,

உங்கள் புத்தகம் அச்சுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் யாராவது ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி பதிப்பகத்துப் பெண் கடைசிப் பிரதியை அனுப்பியிருந்தார். அம்மா அதை என் மேசையில் வைத்தார். "எனக்கு உந்தப் பெரிய பிரெஞ்சு விளங்காது. நீதானே புத்தகப்பூச்சி, பார்."

பார்த்தேன். பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில் வாழும், பாரசீக மொழி பேசும் ஆப்கான் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எங்கே போனீர்கள் என்று இப்போதுதான் பக்கம் பக்கமாகத் தெரிகிறது. எங்கே திருப்பினாலும் ஷிரீன். என் வயதுப் பெண். விருந்தாளியின் செருப்பை அவள் எப்படி வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கிறாள், கோபம் வந்தால் எவ்வளவு மெதுவாகத் தேநீர் ஊற்றுகிறாள், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் கோபம் வரும், சின்னம்மா. கதவை அடித்துச் சாத்துவேன். அதை எந்தக் கொப்பியில் எழுதினீர்கள்?

ஷிரீன் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. ஆய்வில் வருகிறவர்களின் பெயரை மாற்றுவது உங்கள் துறையின் வழக்கம். இவளுக்கு அது வழக்கம் மட்டுமில்லை. அவளுடைய அண்ணன் இன்னும் அந்த நாட்டில் ஒளிந்திருக்கிறான். பெயர் வெளியே வராது என்று அந்த வீட்டுக்கு வாக்குக் கொடுத்ததை முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறீர்கள்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். உங்கள் செத்தவீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவளே சொன்னாள். என்னைவிட அதிகமாக அழுதாள். லாச்சப்பல் மரக்கறிக் கடை அன்ரி என் காதுக்குள் கேட்டார்: "உது ஆர் பிள்ளை? அவவின்ரை மகளோ?"

"இல்லை அன்ரி. நான்தான் பெறாமகள்."

அன்ரி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது அவளுக்குத்தான்.

புத்தகத்தின் நடுவில் ஒரு படம். தேநீர் ஊற்றும் இரண்டு கைகள் மட்டும். கீழே, சின்ன எழுத்தில், அவளுடைய சொந்தப் பெயர். மற்ற எல்லா இடத்திலும் மாற்றிய நீங்கள் படக்குறிப்பை மறந்துவிட்டீர்கள்.

பிரதியை மூடி வைத்தேன். இரண்டு நாள் யாருக்கும் சொல்லவில்லை. பெயர் வெளியே வந்தால் அவள் உங்களை வெறுப்பாள், பிறகு நீங்கள் எங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். அந்த அண்ணனை நினைக்கவே இல்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அம்மா கேட்டார். "என்ன, பிழை ஏதும் கிடந்ததோ?"

இல்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். பொய் சொல்லும்போது எனக்குப் பிரெஞ்சுதான் வரும்.

"கிடக்காது. தங்கச்சி அதிலை சரியான கவனம். அந்தப் பிள்ளையின்ரை பேரை என்னட்டைக்கூடச் சொல்லேல்லை."

அம்மாவுக்கும் தெரியாது. பதிப்பகத்துக்கு அது ஏதோ ஒரு பெயர். இந்தப் பிழையைப் பிழையென்று பார்க்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

எழுந்துபோய்ப் பதிப்பகத்துக்கு எழுதினேன். காலையில் பதில் வந்தது, மாற்றிவிட்டார்கள். நன்றியுரையில் என் பெயரைச் சேர்க்கட்டுமா என்றும் அந்தப் பெண் கேட்டிருந்தார். நீங்கள் எழுதாததை அவர் எழுதுவதா? வேண்டாம் என்று எழுதிவிட்டு, பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அழுதேன்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அதையும் பிரெஞ்சில்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குக் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது, நீங்கள் அவளுக்குக் கொடுத்த வாக்கு. அதை நான் காப்பாற்றுவேன், அவள்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும்.

உங்கள் அக்காவின் மகள், உங்கள் பெறாமகள்,
துளசிகா
(பெயர் மாற்றப்படவில்லை)